ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் எந்தக் கிராபிக்ஸ் கார்டு? பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஒப்பீடு

எட்டு ஆண்டுகளாக என் கணினியில் விளையாட்டுக் காட்சிகளை வரைந்து திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஜி.டி.எக்ஸ். 1060 கிராபிக்ஸ் கார்டை 2025 தீபாவளிக்குச் சில நாள்களுக்கு முன்பு கழற்றினேன். அது பழுதாகவில்லை. 2016 ஜூலையில் வெளிவந்த அந்தக் கார்டின் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் மென்பொருள் தருவதை, அதைத் தயாரித்த என்விடியா நிறுவனம் அந்த அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் டிரைவர் பெற்று, கொடுத்த காசுக்கு இவ்வளவு உழைத்த வேறொரு பொருள் என் வீட்டில் மின்விசிறியைத் தவிர எதுவும் இல்லை. அந்தக் கார்டோடு எனக்கு இருந்த அனுபவத்தையே அளவுகோலாக வைத்து, 2025 அக்டோபரில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் கிடைத்த கார்டுகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

1060 முதலில் இரண்டு வகைகளில் வந்தது. 6 ஜி.பி. மெமரி உள்ளதன் அறிமுக விலை 249 டாலர்; அடுத்த மாதம் வந்த 3 ஜி.பி. கார்டு 199 டாலர். மேலப்பாளையத்து நண்பர் ஒருவரும் நானும் ஒரே வாரத்தில் கணினி வாங்கினோம். நான் 6 ஜி.பி. எடுத்தேன், அவர் சில ஆயிரங்களை மிச்சம் பிடித்து 3 ஜி.பி. எடுத்தார். வாங்கிய ஆண்டில் இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மூன்றாம் ஆண்டில் அவர் திரையில் சுவர்களும் முகங்களும் மெழுகு பூசியதுபோல் மங்கத் தொடங்கின; காட்சி மாறும்போதெல்லாம் விளையாட்டு நின்று நின்று ஓடியது. மாற்றிவிடலாம் என்று அவர் முடிவெடுத்த நேரத்தில் கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு எத்தேரியம் என்ற மின்னணு நாணயத்தை ஈட்டும் மைனிங் சூடுபிடித்து, 2022 செப்டம்பரில் அந்த முறை கைவிடப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு வரை, கார்டு விலைகள் கைக்கு எட்டாத உயரத்தில் நின்றன. அவர் மிச்சம் பிடித்த பணம், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவரைக் குறையோடு விளையாட வைத்தது.

ஆகவே, ஒரு ரூபாய்க்கு எத்தனை ஃபிரேம் (ஒரு நொடியில் திரையில் வரையப்படும் படங்கள்) கிடைக்கிறது என்ற கணக்கை மட்டும் வைத்துக் கார்டின் மதிப்பை நான் எடைபோடுவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழையதை நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் புதியது வாங்கும் வசதி பெருநகரங்களில் இருக்கலாம். நம் பக்கத்தில், மகன் கல்லூரியில் சேரும்போது வாங்கும் கணினி அவன் வேலைக்குப் போகும் வரை இருந்தாக வேண்டும். ஐந்து, ஆறு ஆண்டுகள் குறையின்றி ஓடுமா, ஏ.சி. இல்லாத அறையில் தாக்குப்பிடிக்குமா, பழுதானால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லக்கூடிய கார்டே என் கணக்கில் விலைக்குத் தகுந்த கார்டு.

இந்த முறை இரண்டு கணினிகளுக்குச் சேர்த்துத் தேடினேன். ஒன்று என்னுடையது, அதில் 2020இல் மாற்றிய ரைசன் 5 3600 புராசஸரும் பி450 மதர்போர்டும் இருக்கின்றன. மற்றொன்று பெருமாள்புரத்தில் இருக்கும் அக்கா மகனுடையது. இன்டெல்லின் 12ஆம் தலைமுறை ஐ5 புராசஸர், பி660 மதர்போர்டு. அவன் விளையாடுவதோடு, முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் பிளெண்டர் மென்பொருளும் கற்றுக்கொண்டிருக்கிறான். இரண்டுக்கும் ஒரே கார்டு பொருந்தாது என்பது தேடத் தொடங்கிய பிறகே எனக்குத் தெளிவானது.

முதலில் விலை. கடைக்காரர் சொல்லும் விலை நியாயமானதா என்று அறிய நான் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் அறிவிக்கப்படும் அறிமுக விலையில் வரி சேர்ந்திருக்காது. அதை அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கி, நம் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தால் வருவதே அடிப்படை விலை. அக்டோபரில் டாலர் 88 ரூபாயை ஒட்டி இருந்தது. அந்தக் கணக்கில் இன்டெல் ஆர்க் பி580 கார்டின் 249 டாலர் ஏறத்தாழ 25,900 ரூபாய் ஆகிறது. என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5060 கார்டும் ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. 8 ஜி.பி. கார்டும் 299 டாலர். அதாவது 31,000 ரூபாய். 9060 எக்ஸ்.டி. 16 ஜி.பி. கார்டின் 349 டாலர் 36,200 ரூபாயாகவும், 5060 டிஐ 8 ஜி.பி. கார்டின் 379 டாலர் 39,400 ரூபாயாகவும், அதன் 16 ஜி.பி. வடிவத்தின் 429 டாலர் 44,500 ரூபாயாகவும் மாறுகின்றன. இந்த அடிப்படை விலைக்கு மேல் இரண்டாயிரம், மூவாயிரம் வரை கேட்டால் நான் பேசாமல் கொடுத்துவிடுவேன். ஐயாயிரத்துக்கு மேல் கேட்டால் வேறு கடை பார்ப்பேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைந்ததால் கார்டு விலையும் குறையும் என்று எதிர்பார்த்துப் பலர் காத்திருந்தார்கள். பெரிய திரைத் தொலைக்காட்சிக்கும் ஏ.சி.க்கும் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது உண்மை. கிராபிக்ஸ் கார்டுக்கு முன்பே 18தான் என்பதால் அதில் மாற்றம் ஏதும் இல்லை.

மேலே சொன்ன விலைகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 9060 எக்ஸ்.டி. ஆனாலும் 5060 டிஐ ஆனாலும், 8 ஜி.பி.க்கும் 16 ஜி.பி.க்கும் இடையே உள்ள வேறுபாடு 50 டாலர். நம் கணக்கில் 5,200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கார்டின் சிப் ஒன்றுதான். மெமரி மட்டுமே இரட்டிப்பாகிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துப் பார்த்தால் மாதத்துக்கு 87 ரூபாய் ஆகிறது. 2016இல் 239 டாலருக்கு வந்த ஆர்.எக்ஸ். 480 கார்டிலேயே 8 ஜி.பி. மெமரி இருந்தது. ஒன்பது ஆண்டு கழித்து அதைவிட 60 டாலர் கூடுதலாகக் கொடுத்து அதே 8 ஜி.பி.யை வாங்குவதை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை. இன்றே 1080 பிக்சல் திரையில் உயர்ந்த அமைப்பில் 8 ஜி.பி.யைத் தாண்டும் விளையாட்டுகள் இருக்கின்றன. தாண்டும்போது சில விளையாட்டுகள் நின்று நின்று ஓடுகின்றன. வேறு சில, ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைக்காமல் சுவர், தரை, துணி ஆகியவற்றின் படங்களை மட்டும் சத்தமில்லாமல் மங்கலாக்கிவிடுகின்றன. இரண்டாவது வகையை எண்களை மட்டும் அடுக்கும் ஒப்பீடுகள் காட்டுவதே இல்லை. எண் சரியாக இருக்கும். திரை சரியாக இருக்காது. என் நண்பரின் 3 ஜி.பி. கார்டில் நடந்தது அதுதான்.

8 ஜி.பி. கார்டே போதும் என்று நான் மனமாரச் சொல்லக்கூடிய ஒரே கூட்டம், வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளை மட்டுமே விளையாடும் பிள்ளைகள். அவர்களுக்கு 5060 கூடத் தேவையில்லை. ஆர்.டி.எக்ஸ். 4060 மலிவாகக் கிடைத்தால் எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போடுவது நல்லது. 4060 கார்டு 115 வாட்டில் ஓடுகிறது என்பதால் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை) மாற்றும் செலவும் இருக்காது.

அடுத்து, நம் ஊரில் கார்டு வாங்குவோர் கேட்காத, ஆனால் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி, மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டைப் பற்றியது. 5060, 5060 டிஐ, பி580 ஆகிய மூன்றும் ஸ்லாட்டில் தரவு போய்வரும் பதினாறு தடங்களில் எட்டை மட்டுமே பயன்படுத்துகின்றன. 9060 எக்ஸ்.டி. பதினாறையும் பயன்படுத்துகிறது. புதிய மதர்போர்டில் இது ஒரு பொருட்டே அல்ல. அங்கே ஒவ்வொரு தடமும் அகலமானது. ஆனால் பி450 போர்டும், இன்டெல்லின் 10ஆம் தலைமுறை வரையிலான போர்டுகளும் பி.சி.ஐ.இ. 3.0 என்ற பழைய ஸ்லாட் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் எட்டுத் தடம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜி.பி. போகும், பதினாறு என்றால் 16 ஜி.பி. போகும். கார்டுக்குள்ளேயே இருக்கும் மெமரியின் வேகமோ 9060 எக்ஸ்.டி.யில் நொடிக்கு 320 ஜி.பி., 5060இல் 448 ஜி.பி. ஆகும். கார்டின் மெமரி நிரம்பிவிட்டால் மீதியை அந்தக் குறுகிய வழியாகக் கணினியின் ரேமிலிருந்து எடுத்துவர வேண்டும். பாளையங்கோட்டைக் கடையில் இல்லாத சரக்கை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பேட்டைக் குடோனிலிருந்து வண்டி ஏற்றி, மாலை நேர நெரிசலில் சுலோசனா முதலியார் பாலத்தைக் கடந்து கொண்டுவருவது போன்றது அது. 8 ஜி.பி. கார்டு, எட்டுத் தடம், பழைய போர்டு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால், காகிதத்தில் 5060 காட்டும் வேகத்தில் பாதியைக் கூடச் சில காட்சிகளில் காண முடியாது. 16 ஜி.பி. கார்டில் மெமரி நிரம்புவது அரிது என்பதால் எட்டுத் தடம் அவ்வளவாகப் பாதிக்காது. நம் மாவட்டத்தில் நான் திறந்து பார்த்த கணினிகளில் பெரும்பாலானவை 2018க்கும் 2021க்கும் இடையே கட்டப்பட்டவை. அந்த வீடுகளுக்கெல்லாம் 9060 எக்ஸ்.டி. 16 ஜி.பி. கார்டின் பதினாறு தடங்கள், விளம்பரத்தில் வராத பெரிய அனுகூலம்.

இன்டெல் ஆர்க் பி580 கார்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் விலையை மட்டும் பார்த்தால் அதுவே முதலிடத்தில் நிற்கும். 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்த அது, 12 ஜி.பி. மெமரியும் நொடிக்கு 456 ஜி.பி. மெமரி வேகமும் கொண்டது. அதே பணத்துக்கு மற்ற இரு நிறுவனங்களும் இவ்வளவு மெமரியைப் புதிய கார்டில் தரவில்லை. இன்டெல்லின் முதல் தலைமுறை ஆர்க் கார்டுகள் 2022இல் வந்தபோது டிரைவர்கள் பழைய விளையாட்டுகளில் மிகவும் தடுமாறின. அந்தக் குறையின் பெரும்பகுதியை அவர்கள் உழைத்துச் சரிசெய்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. கார்டின் மெமரி முழுவதையும் புராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இருந்தாக வேண்டும். மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸில் அதை இயக்கியிருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் கார்டு தன் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடும். இரண்டாவது, அதன் டிரைவர் புராசஸருக்கு மிகுந்த வேலை வைக்கிறது. 2025 தொடக்கத்தில் வெளிவந்த சோதனைகளில், ரைசன் 5 2600, 3600 போன்ற பழைய புராசஸர்களோடு சேர்த்தபோது, புதிய புராசஸரில் எளிதாக முந்திய கார்டுகளிடம் பி580 பின்தங்கியது. மலிவான கார்டைத் தேடுபவரிடம் பெரும்பாலும் பழைய புராசஸர்தான் இருக்கும். யாருக்கு இந்த விலை மிகவும் தேவையோ, அவர்களுடைய கணினியில்தான் இந்தக் கார்டு குறைவாக உழைக்கிறது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. என்னுடைய 3600க்கு அதை வாங்க நினைத்து விட்டுவிட்டேன். 12ஆம் தலைமுறை ஐ5 அல்லது ரைசன் 5 7600 வைத்துப் புதிதாகக் கணினி கட்டுபவர், முப்பதாயிரத்தைத் தாண்ட முடியாது என்றால், 5060ஐ விட்டுவிட்டு இதை எடுக்கலாம். மேலப்பாளையத்து நண்பருக்கு நான் சொன்னதும் அதுவே.

என்விடியாவின் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியவை உண்டு. வெறும் விளையாட்டு வேகத்தில் 5060 டிஐ 16 ஜி.பி. கார்டு, 9060 எக்ஸ்.டி. 16 ஜி.பி. கார்டைவிடச் சராசரியாக ஐந்து விழுக்காட்டை ஒட்டியே முன்னே நிற்கிறது. எட்டாயிரம் ரூபாய் வேறுபாட்டுக்கு அது மிகச் சிறியது. ஆனால் சைபர்பங்க் 2077 போன்ற விளையாட்டில் ஒளியின் பாதையை முழுமையாகக் கணிக்கும் பாத் டிரேசிங் அமைப்பை இயக்கினால் ஏ.எம்.டி. தெளிவாகப் பின்தங்குகிறது. குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். வசதி, ஏ.எம்.டி.யின் எஃப்.எஸ்.ஆர். 4 வசதியைவிட மிக அதிகமான விளையாட்டுகளில் கிடைக்கிறது. தரத்தைப் பொறுத்தவரை, எஃப்.எஸ்.ஆர். 4 வந்த பிறகு இரண்டுக்கும் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது, முந்தைய எஃப்.எஸ்.ஆர். வடிவங்களில் மரக்கிளைகளும் மின்கம்பிகளும் நடுங்கியதைப் போல இதில் நடுங்குவதில்லை.

ஒன்றை மட்டும் வாங்குபவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். என்விடியாவின் 50 வரிசைக் கார்டுகளின் விளம்பரங்களில் இடையிடையே செயற்கை ஃபிரேம்களைச் சேர்த்து எண்ணிக்கையை மூன்று, நான்கு மடங்காகக் காட்டுகிறார்கள். அந்த வசதி திரையை வழவழப்பாக்கும்; ஆனால் கையசைவுக்கும் திரையசைவுக்கும் இடையே உள்ள தாமதத்தைக் குறைக்காது. அடிப்படையில் 60 ஃபிரேமை ஒட்டி ஓடினால்தான் அது நன்றாக இருக்கும். அதோடு, அந்த வசதிக்கே கூடுதல் மெமரி வேண்டும் என்பதால், 8 ஜி.பி. 5060 கார்டில் அதை இயக்கும்போது இருக்கிற நெருக்கடி இன்னும் கூடுகிறது. விளம்பரத்தில் உள்ள பெரிய எண்ணை வைத்து 5060, பழைய 4070க்கு மேல் என்று ஒரு கடையில் அக்கா மகனான என் மருமகனிடம் சொன்னார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான். அப்படிச் சொல்லி விற்பது தவறு.

ஆனாலும் அவனுக்கு நான் 5060 டிஐ 16 ஜி.பி. கார்டையே வாங்கச் சொன்னேன். பிளெண்டரில் காட்சியை ரெண்டர் செய்வதில் (இறுதிப் படமாக வரைவதில்) என்விடியா கார்டுகள் ஏ.எம்.டி.யைவிடப் பெரிதும் வேகமானவை. கல்லூரிகளில் இயந்திரக் கற்றல் படிக்கும் பிள்ளைகள் பயன்படுத்தும் நிரல்களும் என்விடியாவின் கூடா (CUDA) என்ற நிரலாக்க அமைப்பை நம்பியே எழுதப்பட்டவை. அரசு பொறியியல் கல்லூரியிலோ வேறெங்கோ கணினிப் பாடம் படிக்கும் மகனுக்கோ மகளுக்கோ வாங்கும் பெற்றோர், அந்தக் கூடுதல் எட்டாயிரத்தைப் படிப்புச் செலவாக எண்ணிக்கொள்ளலாம். 5060 டிஐ 8 ஜி.பி. கார்டை மட்டும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 9060 எக்ஸ்.டி. 16 ஜி.பி. கார்டைவிட விலை அதிகம், மெமரி பாதி. விளையாட்டுக்கும் வேலைக்கும் ஒருசேரக் குறை வைக்கும் கார்டு அது.

இனி வெயில். பங்குனி பிறந்ததிலிருந்து ஆனி வரை பாளையங்கோட்டையில் மாடி அறையில் கணினி வைத்திருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்டின் வெப்பம் அறையின் வெப்பத்தோடு சேர்ந்தே ஏறும். 22 பாகை குளிரறையில் சோதித்து 62 பாகை என்று எழுதியிருந்தால், 38 பாகை இருக்கும் நம் அறையில் அதே கார்டு 78ஐ எட்டும். அது ஆபத்தான அளவு அல்ல. ஆனால் ஃபேன் இரைச்சல் கூடும், ஃபேனின் ஆயுள் குறையும். அதோடு, கார்டு எடுக்கும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகவே அறையில் இறங்கும். இந்த வகையில் 145 வாட் எடுக்கும் 5060 சிறந்தது. 160 வாட் 9060 எக்ஸ்.டி. அதற்கு அடுத்தது, 180 வாட் 5060 டிஐ, 190 வாட் பி580 என்று வரிசை போகிறது. மின்கட்டணத்தைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். 9060 எக்ஸ்.டி.க்கும் பி580க்கும் உள்ள 30 வாட் வேறுபாடு, நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் விளையாடினால், இரண்டு மாதக் கணக்கில் ஐந்தரை யூனிட்டைக்கூடத் தாண்டாது. அதை வைத்துக் கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

தேர்ந்தெடுக்க வைப்பது யு.பி.எஸ்.தான். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறத்தாழ 360 வாட் வரைதான் தாங்கும். என் கணினியில் புராசஸர் 88 வாட் வரை எடுக்கும், கார்டு 160, போர்டு, ரேம், வன்தட்டு, ஃபேன்களுக்கு 40 என்று வைத்தால் 288. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஏற்படும் இழப்பைச் சேர்த்து 335. மானிட்டருக்கு 25. சரியாக விளிம்பில் நிற்கிறது. விளையாடும்போது மின்சாரம் போனால், சேமித்துவிட்டு அணைக்க நேரம் தராமல் யு.பி.எஸ். கத்திவிட்டு நின்றுவிடும். ஆகவே கார்டோடு 1 கே.வி.ஏ. (1,000 வி.ஏ.) யு.பி.எஸ். செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நான் சேர்த்தே கணக்கிட்டேன்.

தூசியும் உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வரும் காற்று, காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நம் கேபினெட்டுக்குள் மண்ணையும் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆடி முடிந்ததும் ஒருமுறை பக்கவாட்டு மூடியைத் திறந்து, கார்டின் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, ஊதுகுழல் இயந்திரத்தால் தூசியை வெளியேற்றிவிட்டால் எட்டு ஆண்டு ஓடிய என் 1060 போல எந்தக் கார்டும் ஓடும். ஒரே கார்டை மூன்று ஃபேனோடும் வண்ண விளக்குகளோடும் மூவாயிரம், நாலாயிரம் கூடுதலாக விற்கிறார்கள். 160 வாட் கார்டுக்கு இரண்டு ஃபேன் தாராளம்; அந்தப் பணத்தில் முன்பக்கம் வலை வைத்த கேபினெட் வாங்கினால் பலன் அதிகம்.

எங்கே வாங்குவது என்பதில் என் கருத்து மாறியிருக்கிறது. முன்பெல்லாம் நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவில் விலை பேசி, மறுநாள் இரவே திரும்பி வருவதில் எனக்குப் பெருமை இருந்தது. இணையத்தில் வாங்குவதும் அப்படித்தான். இந்த முறையும் இணைய விலை, உள்ளூர் விலையைவிட ஏறத்தாழ இரண்டாயிரம் குறைவாகவே இருந்தது. ஆனால் மருமகனின் முந்தைய கார்டில் ஃபேன் பழுதானபோது நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. இணையத்தில் விற்றவர் கைவிரித்துவிட்டார். கார்டை நாங்களே பொதிந்து கூரியரில் வெளியூருக்கு அனுப்பினோம். ஏழு வாரம் கழித்து, எந்தப் பழுதும் இல்லை என்ற சீட்டோடு அதே கார்டு அதே ஃபேனோடு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பி, மறுபடி காத்திருந்து, இறுதியில் அவனுடைய ஒரு செமஸ்டர் விடுமுறை முழுதும் அதிலேயே போயிற்று. இந்த முறை வண்ணார்பேட்டையில் நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடமே இரண்டு கார்டுகளையும் வாங்கினேன். 9060 எக்ஸ்.டி.க்கு 38,500 ரூபாய். 5060 டிஐக்கு 47,000. “பில்லும் பெட்டியும் மட்டும் பத்திரமா வச்சுக்கிடுங்க, ஏதாவதுன்னா கார்டை என்கிட்ட கொண்டாந்து கொடுத்தாப் போதும், அனுப்புறது என் பாடு” என்றார். மூன்று ஆண்டு வாரண்டிக் காலத்துக்கு அந்த ஒரு வாக்குக்காக இரண்டாயிரம் கொடுப்பது எனக்குச் செலவாகத் தெரியவில்லை. வாங்கும்போது பில்லில் கார்டின் சீரியல் எண்ணை எழுதச் சொல்வதையும், அது பெட்டியிலும் கார்டிலும் உள்ள எண்ணோடு பொருந்துவதைக் கடையிலேயே பார்ப்பதையும் யாரும் விட்டுவிடக் கூடாது.

பழைய கார்டு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. செகண்ட் ஹேண்டில் எனக்குப் பிடித்தது 2021இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060 12 ஜி.பி. கார்டு, பதினாறு தடங்கள், 12 ஜி.பி. மெமரி, பழைய போர்டுக்கு மிகவும் பொருத்தம். ஆனால் 2022 இறுதியில் அதே பெயரில் 8 ஜி.பி. வடிவம் ஒன்றும் வந்தது. அது குறிப்பிடத்தக்க அளவுக்கு வேகம் குறைந்தது. பெட்டி இல்லாமல் விற்பவரிடம் வாங்கினால் கணினியில் மாட்டி மெமரி அளவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மற்றொன்று நம் ஊருக்கே உரியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டைப் பகுதிகளில் வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அதில் நனைந்த கணினிகளின் பாகங்கள் கழுவிக் காயவைக்கப்பட்டுப் பிறகு கைமாறியிருக்கின்றன. நான் பார்க்கப் போன ஒரு 3060 கார்டில் வெப்பத்தகடுகளின் அடியில் மெல்லிய வண்டல் படிந்திருந்தது. ஸ்லாட்டுக்கு அருகில் இருந்த திருகுகள் துருவேறியிருந்தன. மாட்டிக் காட்டியபோது நன்றாகத்தான் ஓடியது. ஆயினும் ஈரம் புகுந்த போர்டு எந்த நாளில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் நான் வாங்கவில்லை. கையில் ஒரு சிறிய டார்ச் எடுத்துப் போய், ஃபேன் இறக்கைகளுக்கு ஊடாகத் தகடுகளின் அடிவரை பார்க்க வேண்டும். அந்த வெள்ளத்தில் இழந்தவர்களின் துயரத்தை நான் அறிவேன். விற்பவர் உண்மையைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றால் அதில் தவறு எதுவும் இல்லை.

ஆர்.எக்ஸ். 6600 கார்டு இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. அந்தத் தலைமுறையின் டிரைவரை ஏ.எம்.டி. 2025 இறுதியில் புதிய கார்டுகளின் டிரைவரிலிருந்து பிரித்துத் தனிக் கிளைக்கு மாற்றிவிட்டதால், ஐந்தாண்டுக் கணக்குப் போடுபவர் அதைத் தவிர்ப்பதே நல்லது.

என் பி450 போர்டில் 9060 எக்ஸ்.டி. 16 ஜி.பி. கார்டு பொருத்தி ஒரு மாதம் ஆகப்போகிறது. ஐப்பசி மழைக்கு இடையே வெயில் அடித்த ஒரு மதியம், அறை 32 பாகை இருந்தபோது, இரண்டு மணி நேரம் தொடர்ந்து விளையாடியும் கார்டு 66 பாகையைத் தாண்டவில்லை. சித்திரையில் என்ன காட்டும் என்பதை அப்போது பார்த்துச் சொல்கிறேன். இதற்கிடையே, செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான தேவை பெருகியதால் மெமரிச் சிப்புகளின் விலை 2025 அக்டோபரிலிருந்து வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. ரேம் விலையில் அது முதலில் தெரிந்தது, 16 ஜி.பி. கார்டுகளின் விலையிலும் தெரியத் தொடங்கினால், நான் மேலே சொன்ன 5,200 ரூபாய் வேறுபாடு இதே அளவில் நிற்காது. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டவர்கள் பொங்கல் தள்ளுபடிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கழற்றிய 1060 கார்டைத் தூசி தட்டி, சிப்பின் வெப்பத்தைத் தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மாற்றி, அக்காவின் இளைய மகளுக்காக வீட்டில் கிடந்த பழைய கணினியில் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். ஜி.டி.ஏ. 5 விளையாட்டை அவள் அதில் ஓட்டுகிறாள். அந்த 6 ஜி.பி. மெமரி அதற்கு இன்னும் போதுமானதாகவே இருக்கிறது.